துண்டு விழுந்த கஜானாவும் தொப்பி வியாபாரியும்

சென்ற பொங்கல் விழாவின் கணக்கை எங்கள் பொருளாளர் கமிட்டியின் முன் வைத்த அன்று, வரவைக் காட்டிலும் செலவு 3,400 ரூபாய் கூடுதலாக நின்றது. துண்டு விழுந்துவிட்டது என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அறையில் இரண்டு கட்சிகள் பிறந்துவிட்டன. அங்கத்தினர் சந்தாவை உயர்த்தி ஈடுகட்ட வேண்டும் என்றது ஒரு கட்சி. சந்தாவில் கை வைக்கக் கூடாது, அடுத்த ஆண்டு நாதஸ்வரத்தையும் இரண்டாவது பாயசத்தையும் நிறுத்தினால் போதும் என்றது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சியில் இருந்தேன். உயர்ந்த கொள்கை எதுவும் காரணமன்று, கையில் காசில்லை. மூன்றாவதாக ஒரு நண்பர், இப்போதைக்குக் கடன் வாங்கிச் சமாளிக்கலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் வருகிற மே மாதம் படிப்பு முடிந்து ஊருக்குப் போகிறவர்.

அந்த வாரம் பொருளாதார வகுப்பிலும் இதே பாடந்தான் நடந்தது, சற்றுப் பெரிய தொகைகளில். சர்க்கார் பட்ஜெட்டில் துண்டு விழுவதைப் பற்றிச் சொல்லி வந்த பேராசிரியர், இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் போட்டவர் நம் ஊரிலேயேதான் புதைந்து கிடக்கிறார் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். ஜேம்ஸ் வில்ஸன் என்ற பெயரை, எக்கனாமிஸ்ட் பத்திரிகையைத் தொடங்கியவர் என்ற அளவில் நானும் அறிவேன். லண்டனில் வாரப் பத்திரிகை நடத்தியவருக்குக் கல்கத்தாவில் என்ன வேலை என்று தெரிந்துகொள்ள ஆசை எழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மல்லிக் பஜார் அருகிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

அங்கே எல்லோரும் தேடிப் போவது வங்கக் கவி மைக்கேல் மதுசூதன தத்தரின் சமாதியை. (அவர் 1848 முதல் 1856 வரை நம் சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகைக்காரராகவும் காலம் தள்ளியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.) வில்ஸனைத் தேடி வருபவர் அபூர்வம். வரிகளின் சரித்திரம் எழுதப் புகுந்த வருமானவரித் துறை அதிகாரி ஒருவர் 2007ஆம் ஆண்டில் தேடிக் கண்டுபிடிக்கும் வரையில், இந்தக் கல்லறை இருந்த இடமே ஊருக்கு மறந்துபோயிருந்ததாம். நூற்றைம்பது ஆண்டுக்குப் பின்னும் ஒரு நிதி மந்திரியைத் தேடி வருகிறவர் வருமானவரி அதிகாரியாகத்தான் இருக்க முடியும் போலும்.

ஸ்காத்லாந்தின் தெற்கு எல்லையில் ஹாயிக் என்று ஓர் ஊர். கம்பளித் துணிக்கும் பின்னலாடைக்கும் பெயர் பெற்றது. நம் திருப்பூர் என்று வைத்துக்கொள்ளுங்கள், குளிர் மட்டும் அதிகம். அங்கே 1805ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி, ஒரு கம்பளி ஆலை முதலாளியின் மகனாக வில்ஸன் பிறந்தார். குடும்பம் பெரியது. அவர்கள் குவேக்கர்கள், ஆடம்பரத்தையும் சண்டையையும் வெறுக்கும் கிறிஸ்துவப் பிரிவினர். பையனைப் பள்ளிக்கூட ஆசிரியராக்க வேண்டும் என்று முதலில் எண்ணிப் படிக்கவைத்தார்கள். ஆசிரியர் வேலையைவிட அப்பாவின் ஆலையில் கடைசிக் கூலியாக இருப்பதே மேல் என்று பையன் வீட்டுக்கு எழுதிவிட்டான். ஆகவே பதினாறாம் வயதில் ஒரு தொப்பி தயாரிப்பவரிடம் தொழில் பழகச் சேர்த்தார்கள். பகலில் தொப்பி, இரவில் புத்தகம்.

தகப்பனார் அந்தத் தொப்பித் தொழிலையே விலைக்கு வாங்கி, ஜேம்ஸுக்கும் அவர் சகோதரருக்கும் கொடுத்தார். 1824இல் சகோதரர் இருவரும் ஆளுக்கு 2,000 பவுன் முதலுடன் லண்டன் சேர்ந்தனர். வியாபாரம் செழித்தது. 1832இல் திருமணம், ஆறு பெண் குழந்தைகள். 1837 வாக்கில் அவருடைய சொத்தின் மதிப்பு 25,000 பவுன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்போதுதான் புத்தி தடுமாறியது. அவுரி விலை ஏறப்போகிறது என்று நம்பி, கையிலிருந்ததையெல்லாம் அதிலே போட்டார். விலை இறங்கிற்று. அவ்வளவுதான்.

அவுரி என்றால் அந்நாளில் வங்காளம். ஆக, இந்த மண்ணில் கால் வைப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணின் பயிர் அவரைக் கவிழ்த்துவிட்டது. ஆனால் அவர் திவால் மனுக் கொடுக்கவில்லை. இருந்த சொத்தைக் கடன்காரர்களிடம் ஒப்படைத்தார். அவர்களும் அதை ஏற்றுக் கணக்கை முடித்துக்கொண்டனர். பின்னால் அந்தச் சொத்து எதிர்பார்த்த விலைக்குப் போகவில்லை என்று தெரிந்தபோது, சட்டப்படி தமக்குப் பொறுப்பில்லாதிருந்தும், கையில் பணம் சேர்ந்ததும் அந்தக் குறைவைத் தாமே கட்டித் தீர்த்தார். தம் வீட்டில் விழுந்த துண்டைத் தம் கைப்பணத்தால் மூடினார் என்பதை இங்கே நான் குறித்துவைக்கிறேன். பின்னால் வருகிற கதைக்கு இது வேண்டும்.

அடிபட்ட வியாபாரி எழுத்தாளரானார். அக்காலத்து இங்கிலாந்தில் வெளிநாட்டுத் தானியம் மலிவாக வராதபடி தானியச் சட்டங்கள் தடுத்துவந்தன. நிலப்பிரபுவுக்கு லாபம், ஆலைத் தொழிலாளிக்கு ரொட்டி விலை. இந்தச் சட்டங்களை எதிர்த்து 1839இல் வில்ஸன் எழுதிய சிறு நூல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1843இல் எக்கனாமிஸ்ட் பிறந்தது. தடையற்ற வாணிபம் என்பதே அதன் வேதம். 1846இல் தானியச் சட்டங்கள் ஒழிந்தன. அடுத்த ஆண்டே வில்ஸன் பார்லிமெண்டில் அமர்ந்தார். தொப்பி வியாபாரத்தை அதற்கு முன்பே விட்டிருந்தார்.

எல்லாம் புகழ்ச்சியாகவே சொல்லிப்போவது நியாயமாகாது. அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தபோது, சர்க்கார் சந்தையில் தலையிட்டு உணவளிப்பது தவறு என்று அவருடைய பத்திரிகை வாதாடிற்று. அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலையை லண்டன் கஜானாவில் உட்கார்ந்து, அதே கொள்கையுடன், கையை இறுக்கி நடத்தியவர் ஸர் சார்ல்ஸ் டிரெவெலியன் என்ற அதிகாரி. அந்தப் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1853 முதல் 1858 வரை வில்ஸன் அதே கஜானா இலாகாவின் நிதிக் காரியதரிசியாக இருந்தார். இருவருக்கும் ஒரே கட்டடம், ஒரே கணக்குப் புத்தகம். இடையில் 1848 முதல் 1852 வரை இந்திய விவகாரங்களைக் கவனிக்கும் போர்டில் காரியதரிசி வேலை. 1853இல் இந்தியா, ஆஸ்திரேலியா, சீனா ஆகிய நாடுகளின் வாணிபத்துக்கென சார்ட்டர்ட் பாங்கைத் தொடங்கிய பெருமை. இன்று ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் என்ற பெயரில் நாம் காண்பது அதன் வழித்தோன்றலே. மூத்த மகள் எலைஸா 1858இல் வால்ட்டர் பேஜட் என்ற எழுத்தாளரை மணந்தார். மாமனாரின் பத்திரிகையைப் பின்னால் உலகப் புகழ் பெறச் செய்தவர் அந்த மருமகன்.

இனி இந்தியாவுக்கு வருவோம்.

1857இல் எழுந்த கிளர்ச்சியை அடக்கக் கடல் கடந்து வெள்ளைப் பட்டாளங்கள் வந்தன. அவற்றுக்கான செலவு யார் தலையில் விழுந்தது? இந்தியக் கஜானாவின் தலையில். 1858இல் கம்பெனி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்தது. கம்பெனி போயிற்றே தவிர, அதன் கடன் போகவில்லை. அதன் பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் பத்தரை சதவிகித லாபப் பங்கு இந்திய வருமானத்திலிருந்தே 1874 வரை போய்க்கொண்டிருந்தது. கடையை விற்ற பிறகும் முதலாளிக்கு லாபம் வந்துகொண்டிருந்த விசித்திரம் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது.

தொகைகளைப் பாருங்கள். அக்காலக் கணக்கில் ஒரு பவுனுக்குப் பத்து ரூபாய். சர்க்காரின் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 4 கோடிப் பவுன். நிலத்தீர்வை, அபினி, உப்பு இவைதான் அதில் பெரும்பகுதி. கிளர்ச்சியை ஒட்டிய மூன்று ஆண்டுகளில் மட்டும் வரவுக்கு மேல் செலவு 3 கோடியே 5 லட்சம் பவுன். கிளர்ச்சிக்கு முன் 6 கோடிப் பவுனுக்குச் சற்றுக் குறைவாக இருந்த கடன், 3 கோடியே 84 லட்சம் கூடி ஏறக்குறைய 9 கோடியே 80 லட்சமாயிற்று. வருகிற ஆண்டிலும் 65 லட்சம் பவுன் துண்டு விழும் என்று மதிப்பிட்டார்கள். நூறு ரூபாய் சம்பாதிக்கிற குடும்பம் ஆண்டுதோறும் நூற்றுப் பதினாறு ரூபாய் செலவழிப்பது போலாகும்.

துண்டு விழுந்தால் என்ன, கடன் வாங்கினால் தீர்ந்தது என்று எங்கள் கமிட்டி நண்பரைப் போல நினைக்கலாம். அதன் பலனைக் கல்கத்தா வியாபாரிகள் அன்று கண்கூடாகக் கண்டார்கள். சர்க்கார் சந்தைக்குப் போய் மேலும் மேலும் கடன் கேட்டது. கேட்கக் கேட்க வட்டியை ஏற்ற வேண்டியதாயிற்று. நான்கு சதவிகிதத்துக்கு வாங்கியது போய் ஐந்து, ஐந்தரை என்று கொடுக்க வேண்டிய நிலை. இதனால் பழைய பத்திரம் வைத்திருந்தவன் பாடு திண்டாட்டம். ஆண்டுக்கு நான்கு ரூபாய் வட்டி தரும் நூறு ரூபாய்ப் பத்திரத்தை, அதே நூறு ரூபாய்க்கு ஐந்தரை ரூபாய் வட்டி கிடைக்கும்போது எவன் முழு விலைக்கு வாங்குவான்? காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் விலை 73 ரூபாய்க்கு வந்து நிற்கிறது. பாங்கில் சேமித்தவன், விதவைக்கு நிதி வைத்தவன், தர்ம ஸ்தாபனம் எல்லாருக்கும் நஷ்டம். சர்க்காரே அத்தனை வட்டி கொடுக்கும்போது, சணல் மூட்டைக்கும் பருத்திக்கும் முதல் தேடுகிற வியாபாரி அதற்கும் மேலே கொடுத்தால்தான் பணம் கிடைக்கும். வட்டியோ மற்றச் செலவுகளுக்கெல்லாம் முந்திக்கொண்டு கஜானாவிலிருந்து வெளியேறுவது. வாய்க்காலுக்கும் சாலைக்கும் மிஞ்சுவது குறைகிறது. அந்த வட்டியைக் கடைசியில் கட்டுபவன் தீர்வை கட்டும் குடியானவன், உப்பு வாங்கும் கூலிக்காரன். பத்திரம் என்றால் என்னவென்றே அறியாதவன்.

இந்தக் குழப்பத்தைச் சீர்செய்ய ஓர் ஆள் வேண்டும் என்று லண்டனில் தேடினார்கள். வில்ஸன் அப்போது வாணிப போர்டின் உபதலைவர், வசதியான பதவி. வயது ஐம்பத்து நான்கு. வர ஒப்புக்கொண்டார். ராஜப்பிரதிநிதி கானிங் பிரபுவின் சபையில் முதல் நிதி மந்திரியாக 1859 நவம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் இறங்கினார். கானிங் அப்போது வடக்கே சுற்றுப்பயணத்தில் இருந்தார். அவரைக் காண மீரத் வரை பயணம். வங்காளத்துக் கிராமங்களிலோ அந்த மாதங்களில் அவுரிக் குடியானவர்கள், இனி அவுரி விதைக்க மாட்டோம் என்று தோட்டத் துரைகளை எதிர்த்து நின்றுகொண்டிருந்தார்கள். தம்மை ஒரு காலத்தில் கவிழ்த்த பயிரை யார் வியர்வை சிந்தி விளைத்தார்கள் என்று வில்ஸன் நினைத்துப் பார்த்தாரோ என்னவோ.

1860 பிப்ரவரி 18ஆம் தேதி, கல்கத்தாவில் சட்டசபையின் முன் அவர் தம் நிதி அறிக்கையை வைத்தார். வருகிற ஆண்டின் வரவு இது, செலவு இது, இடைவெளி இது, அதை மூடும் வழி இது என்று நாடு முழுவதற்கும் முன்கூட்டியே கணக்கிட்டு ஊரறியச் சொல்வது இங்கே அதுவே முதல் தடவை. அதுவரை சென்னை ஒரு கணக்கு, பம்பாய் ஒரு கணக்கு. செலவு முடிந்து வெகு காலத்துக்குப் பிறகுதான் மொத்தக் கணக்கே தெரியவரும். இன்று பட்ஜெட் தினத்தன்று நாம் விடுதியில் டெலிவிஷனைச் சுற்றி உட்காருகிறோமே, அந்த வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. செலவைத் தணிக்கை செய்யவும் இங்கிலாந்து முறையில் அவர் ஏற்பாடு வகுத்தார். ராணுவச் செலவை ஆராய்ந்து குறைக்கவும் முயன்றார்.

இடைவெளியை மூட அவர் சொன்ன வழிதான் புயலைக் கிளப்பியது. வருமானவரி, தொழில் செய்வோருக்கு லைசென்ஸ் வரி, புகையிலை வரி என்று மூன்று. மற்ற இரண்டும் அவர் காலத்தில் நிறைவேறவில்லை, வருமானவரி நின்றது. ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500 வரை வருமானமுள்ளவருக்கு இரண்டு சதவிகிதம். அதற்கு மேல் நான்கு சதவிகிதம், அந்த நான்கில் ஒரு பங்கு சாலை, கால்வாய் போன்ற வேலைகளுக்கு. இதன் பொருளைப் புரிந்துகொள்ள நான் இரண்டு ஆட்களைக் கற்பனை செய்துகொண்டேன். மாதம் 40 ரூபாய் வாங்கும் குமாஸ்தா ஆண்டுக்கு ஒன்பதரை ரூபாய்க்குச் சற்று மேல் கட்டுவான். ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்கு. மாதம் 4,000 வாங்கும் துரை 1,920 ரூபாய் கட்ட வேண்டும். ஆம், துரையும் கட்ட வேண்டும். வங்காளத்து ஜமீன்தார்களும் கட்ட வேண்டும். 1793இல் எங்கள் தீர்வையை என்றென்றைக்குமாக நிர்ணயித்துவிட்டீர்களே என்று அவர்கள் தரப்பில் எழுந்த வாதத்தை வில்ஸன் ஏற்கவில்லை. தீர்வை நிலத்துக்கு, இது வருமானத்துக்கு. இந்து ராஜாக்கள் வியாபாரியிடம் வரி வாங்கியதற்கு மனுவின் சாஸ்திரத்தையே ஆதாரமாகக் காட்டினார். மனுவைக் காட்டியவருக்கு நம் வள்ளுவரின் பொருட்பாலைப் படித்துக் காட்ட அருகில் ஆள் இல்லை.

சட்டமோ பெரிய பூதம். 259 பிரிவுகள். இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து, நிலம், தொழில், பத்திரம், சம்பளம் என்று நான்கு அட்டவணைகளாகத் தைத்தது. ஆளின் அளவு பார்க்காமல் தைத்த தொப்பி என்று சொன்னால் அவர் பழைய தொழிலைக் கேலி செய்வதாகக் கொள்ளாதீர்கள். கடைக்காரன் தன் பேரேட்டைச் சர்க்கார் குமாஸ்தாவிடம் விரித்துக் காட்டுவதா என்று முணுமுணுப்பு எங்கும்.

முணுமுணுக்காமல் உரக்கப் பேசியவர் ஒருவர் இருந்தார். அவர் இருந்த இடம் சென்னைக் கோட்டை. நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த டிரெவெலியன் 1859 முதல் சென்னைக் கவர்னர். ரயில் நிலையத்தருகே பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்காவைச் சென்னை மக்களுக்கு அமைத்துத் தந்தவர் அவரே. பின்னாளில் மூர் மார்க்கெட் எழுந்தது அந்த நிலத்தில்தான். லண்டனில் ஒரே கஜானாவில் வேலை பார்த்த இருவரும், இந்தியாவில் ஒரே துண்டைப் பார்த்து எதிரெதிர் மருந்து சொன்னார்கள். டிரெவெலியனின் வாதம் இது: துண்டு விழக் காரணம் ராணுவச் செலவு. பட்டாளத்தைக் குறைத்தால் துண்டு தானே மறையும். புது வரி வேண்டியதில்லை. அயலார் ஆட்சி, கலகம் அடங்கி ஆறாத புண், இந்த வேளையில் அறியாத வரியைப் போடுவது நெருப்போடு விளையாடுவது. கலகத்தில் சேராத சென்னை ராஜதானியை வேறு ஏன் சேர்த்து வதைக்க வேண்டும்?

இதை ரகசியக் கடிதமாக எழுதியிருந்தால் கோப்பில் தூங்கியிருக்கும். அவர் 1860 மார்ச் 20ஆம் தேதி குறிப்பாக எழுதி, அதைப் பத்திரிகைகளில் வெளியாகவும் விட்டார். மேல் சர்க்காரின் வரியைக் கீழ்க் கவர்னர் ஊரறியக் கண்டிப்பதா? கானிங்குக்குக் கடுங்கோபம். லண்டன் டிரெவெலியனைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஜூனில் அவர் சென்னையை விட்டுப் போனார். அவருக்குப் பதிலாக வந்த ஸர் ஹென்றி வார்ட் ஜூலையில் பதவி ஏற்று ஆகஸ்டு 2ஆம் தேதி காலராவில் மாண்டார். சென்னைக்கு அந்த ஆண்டு கவர்னர் ராசி இல்லை.

இதைப் படித்தபோது நான் முழுக்க டிரெவெலியன் கட்சி. நம் ஊருக்காகப் பதவியை இழந்தவர் என்ற பாசம். நாலைந்து நாள் யோசித்த பிறகு அவ்வளவு உறுதியாக இல்லை. நிலத்தீர்வையும் உப்பு வரியும் ஏழை ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தான். வருமானவரி இல்லையென்றால் கடன், கடன் என்றால் வட்டி, வட்டி என்றால் மறுபடியும் அதே தீர்வை, அதே உப்பு. வில்ஸனின் வரிதான் அதுவரை வருமானத்துக்கென்று வரி கொடாதிருந்த துரைகளையும் சாகுகார்களையும் ஜமீன்தார்களையும் பந்தியில் உட்காரவைத்து இலை போட்டது. ஆனால் 200 ரூபாய்க்காரனை அதில் இழுத்தது பிழை. பார்த்த வேலைக்கு வந்த பணம் சொற்பம் என்று 1862இல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ராணுவச் செலவைப் பற்றி டிரெவெலியன் சொன்னது சரிதான். அதை வில்ஸனும் மறுக்கவில்லை. அதற்கு நாள் பிடிக்கும், கஜானா அதுவரை காத்திராது என்பதே அவர் நிலை.

இருவரையும் ஒருசேரக் குற்றம் சொல்ல ஒன்று இருக்கிறது. அந்த பிப்ரவரி நாளில் வில்ஸன் அறிக்கையைப் படித்த சபையில் ஓர் இந்தியர்கூட இல்லை. 1861ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே நம்மவர் சிலர் அங்கே நியமனம் பெற்றார்கள். நாட்டை அடக்கிய செலவு, அதனால் விழுந்த துண்டு, அதை மூட வரி. மூன்றிலும் கொடுக்கிறவனைக் கேட்கவில்லை. தம் சொந்தக் கடனைச் சட்டம் கேளாதபோதும் கைப்பணத்தால் தீர்த்த மனிதர், இங்கே வேறொருவர் செய்த கடனை மூன்றாம் மனிதரின் பையிலிருந்து தீர்க்க வந்திருந்தார்.

காகிதப் பணத்தைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. மார்ச் மாதம் அவர் அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். அதுவரை கல்கத்தா, பம்பாய், சென்னை பாங்குகள் தத்தம் நோட்டுகளை அச்சிட்டு வந்தன. இனி சர்க்கார் மட்டுமே அச்சிடும் என்பது திட்டம். நோட்டு அச்சிடும் அதிகாரம் கையில் வந்தால் துண்டை அச்சகத்தாலேயே மூடிவிடலாமே என்ற சபலம் எந்தச் சர்க்காருக்கும் வரும். மூன்றில் ஒரு பங்குக்காவது நாணயம் வைத்திருக்க வேண்டும் என்று வில்ஸன் வகுத்தார். லண்டனில் இந்தியா மந்திரி வுட் இதைவிடக் கடுமையானவர். கடைசியில் 1861இல் சட்டமானபோது, வெறும் பத்திரத்தின் பலத்தில் 4 கோடி ரூபாய் வரையிலுமே நோட்டு விடலாம், அதற்கு மேல் ஒவ்வொரு நோட்டுக்கும் வெள்ளியோ தங்கமோ பெட்டியில் இருக்க வேண்டும் என்று நிர்ணயமாயிற்று. சுதந்திர இந்தியாவில் மத்திய சர்க்கார் ரிசர்வ் பாங்கிடம் கைச்சீட்டு போலத் தற்காலிகப் பத்திரங்களைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளும் வழக்கம் வெகுகாலம் இருந்து, 1997இல்தான் நின்றது. 2003இல் துண்டுக்கு எல்லை கட்ட ஒரு சட்டமும் வந்தது. மந்தக் காலத்தில் துண்டு விழுந்தாலும் சர்க்கார் செலவழிக்கத்தான் வேண்டும் என்ற கெயின்ஸின் பாடம் வில்ஸன் காலத்தில் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் அவருக்கு உதவியிருக்காது. அவர் காலத்துத் துண்டு ஆலை கட்டியோ அணை கட்டியோ விழுந்ததன்று, பீரங்கிக்கு விழுந்தது.

மழைக்காலம் வந்தது. அந்நாளில் கல்கத்தாவின் ஆடி ஆவணி ஐரோப்பியருக்கு எமன். ஓய்வெடுக்க ஊரை விட்டுப் போகும்படி சொன்னார்கள். வரிச் சட்டம் முடியட்டும் என்று அவர் நகரவில்லை. ஜூலை 24ஆம் தேதி சட்டத்துக்குச் சம்மதம் கிடைத்தது. இன்றும் வருமானவரித் துறையார் ஆண்டுதோறும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். அதன்பின் பதினெட்டு நாளே அவர் உயிரோடிருந்தார். சீதபேதி. ஆகஸ்டு 11ஆம் தேதி மாலை, தம் ஐம்பத்தைந்தாம் வயதில் மாண்டார். கல்கத்தாவில் அவர் இருந்தது எட்டரை மாதம்.

அவர் நாற்காலிக்கு ஸாமுவேல் லெயிங் வந்தார். பட்டாளம் குறைந்தது, வரி வந்தது, 1862இல் வரவும் செலவும் ஒருவாறு சமமாயின. லெயிங் போன பின், 1863இல் அதே நிதி மந்திரி நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? சென்னையிலிருந்து வெளியேற்றப்பட்ட அதே டிரெவெலியன்! வில்ஸனின் வரிக்கு ஐந்தாண்டு ஆயுள் விதித்திருந்தார்கள். 1865இல் அது முடிந்தபோது டிரெவெலியன் அதைப் புதுப்பிக்காமல் மறைய விட்டார். அதற்கு ஈடாக ஏற்றுமதிப் பொருள்களுக்கு அவர் போட்ட வரியை லண்டன் தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டு ஒரிஸ்ஸாவில் பெரும் பஞ்சம். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டனர். துண்டு மறுபடியும் விழத் தொடங்கியது. 1869இல் வருமானவரி திரும்ப வந்தது, 1873இல் போயிற்று, 1886 ஏப்ரலில் விவசாய வருமானத்தை விலக்கி நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது. அதே ஆண்டு ஜூனில் டிரெவெலியன் லண்டனில் காலமானார்.